ஓவர்ஃப்ளோ ஆகும் ரோட்டரி எஞ்சின்: பிரித்துக் கட்டிய பிறகு செய்யக்கூடாதவை

மாஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எனப்படும் ரோட்டரி எஞ்சினைப் பிரித்து, புது சீல்கள் போட்டுக் கட்டிக் காரில் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சைலன்சரில் பெட்ரோல் நெடி அடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் இப்படி உள்ளே தேங்குவதுதான் ஓவர்ஃப்ளோ. இந்த நிலையில் அநேகர் செய்வது, இன்னும் கொஞ்சம் செல்ஃப் அடித்துப் பார்ப்பது. பிற தவறுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும், வால்வுகள் கிடையாது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் எனும் அடைப்புப் பட்டைகள், ஹவுசிங் எனும் வெளிக்கூட்டின் சுவரை உரசிக்கொண்டு போகின்றன. இடையில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் கசிவை அடைக்கிறது. மிகுதியான பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரஷன், அதாவது உள்ளே கலவை அமுக்கப்படும் அழுத்தம், குறையும், கலவை எரியாது, எரியாத பெட்ரோல் இன்னும் கழுவும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கே இந்த வம்பு உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வாசலில் நாலடி நகர்த்தி உடனே அணைத்த, ரோட்டரி எஞ்சினே கொண்ட ஆர்எக்ஸ்-8, அடுத்த முறை கிளம்ப மறுப்பது அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. புதிதாகக் கட்டிய எஞ்சினில் சீல்கள் சுவரோடு இன்னும் இழையவில்லை என்பதால் நிலைமை மேலும் மோசம்.

ஆகவே முதலில் பெட்ரோலை நிறுத்துங்கள். பம்பை மட்டும் நிறுத்தினால் போதாது, குழாயில் தேங்கிய அழுத்தமே இன்னும் சிறிது பெட்ரோலை உள்ளே தள்ளும். இஞ்ஜெக்ஷனுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸையே கழற்றுங்கள். இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களையும் எடுத்துவிடுங்கள். இதை மறந்தால், பிளக் ஓட்டையிலிருந்து பீய்ச்சியடிக்கும் பெட்ரோலும் தொங்கும் வயரின் நெருப்புப் பொறியும் சந்தித்துக்கொள்ளும். கதவு மூடிய ஷெட்டில் இந்த வேலையே வேண்டாம். கீழ்வரிசை பிளக்குகள் இரண்டையும் கழற்றி, விட்டுவிட்டுச் சில விநாடிகள் செல்ஃப் அடித்தால் தேங்கியது வெளியேறும். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் சிறிதளவு எஞ்சின் ஆயில் விட்டு, முன்புறப் புல்லியைக் கையால் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். புல்லியோடு சுற்றும் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால்தான் ரோட்டர் ஒரு சுற்று முடிக்கும். ஒரே தடவை ஊற்றிவிட்டு ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் எண்ணெய் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை என ஊற்றுங்கள். நனைந்த பிளக்கைத் துடைத்து மாட்டுவதும் வீண் சிக்கனம். புதிது போடுங்கள்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எண்ணெயை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது, புது பேரிங்குகள் போய்விடும்.

கிளம்பாத எஞ்சினைப் பார்த்ததும் உள்ளே ஏதோ தவறாகக் கட்டிவிட்டோம் என்று பயந்து மறுபடி இறக்குவது, பணத்தையும் உழைப்பையும் அதிகம் தின்னும் தவறு. சாதாரண கம்ப்ரஷன் கேஜ், மூன்று முகங்களில் உயர்ந்த அளவை மட்டும் காட்டும். அதை நம்பி எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரோட்டரிக்கான கருவி இல்லையென்றால், கேஜின் ஒருவழி வால்வை எடுத்துவிட்டு முள் எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 1986 முதல் 1991 வரை வந்த ஆர்எக்ஸ்-7க்கு மாஸ்தா சொல்லும் குறைந்தபட்ச அளவு, 250 ஆர்பிஎம்மில் சதுர செ.மீ.க்கு 6 கிலோ, முகங்களுக்கிடையே 1.5க்கு மேல் வித்தியாசம் கூடாது. புது சீல்களோடு இதைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் நான் பயப்பட மாட்டேன். மூன்றில் ஒரு துள்ளல் மட்டும் செத்துக் கிடந்தால்தான் உள்ளே சீல் சிக்கியிருக்கிறது என்று சந்தேகிப்பேன். எண்ணெய் ஊற்றிய கையோடு அளந்தால் கணக்கு பொய்யாகக் கூடிவரும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தாலோ குறைந்துவரும்.

அதிகம் கோட்டைவிடும் இடம் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். பிளக்கை வெளியே பிடித்துப் பார்த்து, 'ஸ்பார்க் வருகிறது, அதில் குறையில்லை' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஸ்பார்க் வரும், ஆனால் வரவேண்டிய நேரத்தில் வராது. இந்த 1986–91 காரில், ஷாஃப்டின் கோணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சாரைப் பொருத்தும்போது புல்லியின் மஞ்சள் குறி, எஞ்சினில் அசையாமல் இருக்கும் முள்ளுக்கு நேராகவும், சென்சாரின் அடையாளங்கள் ஒன்றுக்கொன்று நேராகவும் இருக்க வேண்டும். சென்சாரின் பல்சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே எஞ்சின் பிடிக்காது, பெட்ரோல் மட்டும் நிறையும். செல்ஃப் அடிக்கும்போதே முதல் ரோட்டரின் கீழ் பிளக் வயரில் டைமிங் லைட்டைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் குறி முள்ளருகே மினுங்க வேண்டும். லீடிங் எனப்படும் கீழ் பிளக்குகள் இரண்டும் ஒரே சமயத்தில் பொறி விடுபவை என்பதால் அவற்றின் வயர்கள் இடம் மாறினாலும் கேடில்லை. மேலே உள்ள டிரெய்லிங் பிளக்குகளின் வயர்கள் மாறக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் கைவைப்பேன். எஞ்சின் பிரிந்து கிடந்த மாதங்களில் இஞ்ஜெக்டர்கள் காய்ந்து, திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயில் பெட்ரோல் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் எனும் சவ்வு கிழிந்திருக்கிறது. தண்ணீர் வெப்ப சென்சாரின் கனெக்டர் துருப்பிடித்தால், எஞ்சின் உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கம்ப்யூட்டர் தாராளமாக ஊற்றும். 1990களின் ஆர்எக்ஸ்-7 ஆன எஃப்டி மாடலில் முதல்நிலை இஞ்ஜெக்டர் நிமிடத்துக்கு 550 சிசி, இரண்டாம்நிலை 850 சிசி. இவற்றை இடம் மாற்றிப் பொருத்தினால் ஓவர்ஃப்ளோ நிச்சயம்.

கார்புரேட்டர் காலப் பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதும் வேண்டாம். ஆர்எக்ஸ்-8 என்றால் பெடலை முழுதாக அழுத்தியபடியே செல்ஃப் அடியுங்கள்; அந்த நேரம் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்.

எஞ்சின் பிடித்ததும் வெண்புகை கொட்டும். ஊற்றிய எண்ணெயும் கட்டும்போது தடவிய வாசலினும் எரிகின்றன, பதறி அணைத்துவிடாதீர்கள். ஆயில் பிரஷர் முள் ஏறவில்லை என்றால் மட்டும் உடனே அணையுங்கள். மற்றபடி தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை ஓடட்டும்.