‘பிராட்காஸ்ட்’ என்ற சொல்லை வயலிலிருந்து புரிந்துகொள்வது எப்படி?

பிராட்காஸ்ட் என்றதும் வானொலியும் தொலைக்காட்சியும் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் அச்சொல்லைப் பிழையின்றிக் கையாள விரும்புபவர் அவ்விரண்டையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வயலொன்றை மனத்தில் கொண்டுவர வேண்டும்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பிராட் என்பது அகலம். ஸ்காண்டிநேவியாவின் தொன்மொழியான பழைய நோர்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த காஸ்ட் என்பது வீசுதல். கழுத்தில் மாட்டிய விதைக்கூடையோடு உழவர் வயலின் நீளவாக்கில் நடந்துகொண்டே, பிடி பிடியாக அள்ளி, கையை அகலச் சுழற்றி வீசிய விதைப்பையே இச்சொல் குறித்தது. இங்கிலாந்தின் வேளாண் முன்னோடி ஜெத்ரோ டல் 1701-இல் உருவாக்கிய விதைப்புக் கருவியைப் போன்றவை விதையை வரிசையாக இறக்கின. அம்முறையிலிருந்து கைவீச்சைப் பிரித்துக் காட்டவும் இச்சொல் உதவியது. எள்ளை மணலோடு கலந்து தூவும் நம் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, அந்தக் கைவீச்சின் இயல்பைக் கவனியுங்கள். எந்த விதை எங்கே விழும் என்று வீசுபவர் தீர்மானிப்பதில்லை. சில பறவைக்குப் போகும், சில வரப்பில் காயும். பெறுபவர் இன்னார் என்று குறிக்காமல் அனுப்புவதே இச்சொல்லின் உயிர். தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்தி, கப்பலுக்கும் கரைக்கும் இடையே குறிப்பிட்ட ஒருவருக்கே செய்தி கொண்டுசென்றது. கேட்பவர் எவராயினும் கேட்கட்டும் என்று 1920-களில் ஒலியை வெளியில் விட்டபோதுதான் உழவர் சொல் பொருந்தியது. 1922-இல் தொடங்கிய பிபிசியின் பெயரில் நடு எழுத்து இச்சொல்லுக்கு உரியது. தமிழில் ‘ஒலிபரப்பு’ என்று ஆக்கியவர்கள் ‘பரப்பு’ என்பதைத் தேர்ந்தது அழகான பொருத்தம் என்பேன்.

ஆகவே பயன்படுத்துமுன் ‘யாருக்கு?’ என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் தர முடிந்தால் இச்சொல் முழுமையாகப் பொருந்தாது. அந்தக் கணக்கில், நாமே ஆள் பொறுக்கிச் சேர்க்கும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் உண்மையில் வரிசை விதைப்புதான்! இறந்தகாலத்திலும் காஸ்ட் மாறாததால், ‘பிராட்காஸ்டட்’ என்பதைவிட ‘பிராட்காஸ்ட்’ என்றே எழுதுவது பெருவழக்கு.

மொழிபெயர்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. வேளாண் ஆங்கிலத்தில் பழைய பொருள் இன்றும் வழக்கில் இருப்பதால், விதையையோ உரத்தையோ பற்றிய குறிப்பில் இச்சொல் வந்தால் ‘பரவலாகத் தூவவும்’ என்று எழுதுங்கள். அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்தால் யூரியாவை ஒலிபரப்பச் சொன்னதாகிவிடும்.