சிறு தொழில் செய்பவருக்கு நம்பிக்கையான நாலு பேர்: தேடுவது எப்படி, சோதிப்பது எப்படி

கோவையில் ஒரு லேத் பட்டறை போடுகிறவர் ஷெட் வாடகை, மெஷின், கரண்ட் கனெக்‌ஷன், முதல் ஆர்டர் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார். சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் நல்ல ஆடிட்டர் யார் என்று விசாரிப்பார். பெரிய கம்பெனி பில்லை இழுத்தடிக்கும்போதுதான் சங்கம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். அவசரத்தில் தேடினால், முதலில் யார் போனை எடுக்கிறாரோ அவரையே நம்ப வேண்டியதாகிவிடும். அதனால் வேலை ஓரளவு சீராக ஓடும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

எனக்குப் பழக்கமான எஞ்சினியரிங் ஜாப் ஒர்க்கை, அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பார்ட்ஸ் செய்து கொடுக்கும் வேலையை, வைத்தே சொல்கிறேன். தையல், பேக்கரி, அச்சகம் என்று வேறு தொழிலில் இருப்பவர்கள் பெயர்களை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

படி 1: என்ன உதவி வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, போன வருடம் எந்தெந்த விஷயத்தில் முழி பிதுங்கியது என்று எழுதுங்கள். ரேட் போடத் தெரியவில்லையா, வரிக் கணக்கா, பேமெண்ட் வராததா, ஆள் கிடைக்காததா? ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் வேண்டும். உங்கள் தொழிலிலேயே பத்துப் பதினைந்து வருடம் முன்னால் இருப்பவர் ஒருவர். கணக்கு வழக்குக்கு ஒருவர். உங்கள் வேலைக்கு முன்னும் பின்னும் வரும் வேலையைச் செய்பவர், அதாவது பிளேட்டிங்காரர், ஹீட் ட்ரீட்மெண்ட்காரர் மாதிரி ஒருவர். அப்புறம், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாமல், மனசு விட்டுப் பேசக்கூடிய ஒருவர்.

இந்தக் கடைசி ஆளைப் பலர் சொந்தத்திலேயே தேடுகிறார்கள். சொந்தக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் முதல் போட்டவரே மாமனார் என்றால், இந்த மாதம் நட்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் தொழிலில் பணம் போடாதவராகப் பார்த்து வைத்துக்கொள்வதுதான் சௌகரியம்.

படி 2: அந்த ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

முதல் இடம் சங்கம். கோவையில் 1969-இல் தொடங்கிய கொடிசியா இருக்கிறது. குறுந்தொழில் செய்பவர்களுக்கென்று டேக்ட் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு மடீட்சியா, அம்பத்தூர்க்காரர்களுக்கு ஐமா, சென்னையில் டான்ஸ்டியா. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தந்த ஊர் வணிகர் சங்கம்.

உடனே சந்தா கட்டிவிடாதீர்கள். யாராவது உறுப்பினரோடு விருந்தாளியாக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மேடையில் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, டீ குடிக்கும் நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சின்னப் பட்டறைக்காரர் கேள்வி கேட்டால் யாராவது நின்று பதில் சொல்கிறார்களா? பதிவு பெற்ற சங்கம் என்றால் வருடாந்தரப் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். அது ஒழுங்காக நடக்கிறதா? நிர்வாகிகள் மாறுகிறார்களா, இல்லை ஒரே முகம்தான் காலம் காலமாகவா? பொன்னாடை போர்த்துவதிலேயே முக்கால்வாசி நேரம் போகிறது என்றால் அடுத்த சங்கத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது இடத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடன் வாங்கும்போது தொழில் முனைவோர் பயிற்சி என்று ஒன்று வரும். ‘சர்டிபிகேட்டுக்காக உட்கார்ந்திருக்கிறோம்’ என்று போனை நோண்டிக்கொண்டே நாளை ஓட்டுவார்கள். அங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே இப்போதுதான் ஆரம்பிக்கிறார். அதே வங்கி, அதே படிவம், அதே குழப்பம். உங்களுக்கு வரப்போகும் சிக்கல் அவருக்குப் போன வாரம் வந்திருக்கும். கிண்டியில் உள்ள தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனமும் பல பயிற்சிகள் நடத்துகிறது. பாடம் பிடிக்கிறதோ இல்லையோ, கூடப் படிப்பவர்களின் நம்பரை வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, பி.என்.ஐ. மாதிரி வாராவாரம் கூடும் பரிந்துரைக் குழுக்கள். ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், கட்டணம் உண்டு. இன்சூரன்ஸ், இன்டீரியர், அச்சகம் என்று ஊர் முழுக்க வாடிக்கையாளர் தேவைப்படுகிறவர்களுக்கு இது உதவலாம். மூன்று பம்ப் கம்பெனிக்கு மட்டும் பார்ட்ஸ் கடைந்து கொடுப்பவருக்குக் கட்டுப்படியாகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

படி 3: பேப்பரில் பார்க்க முடிந்ததைப் பேப்பரில் பாருங்கள்

மனுஷனை எடை போடுவது கஷ்டம். ஆனால் சில விஷயங்களை உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

சப்ளையர், ஜாப் ஒர்க்கர் யாராக இருந்தாலும் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். 15 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, ரிட்டர்ன் எந்தெந்த மாதம் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவர் ரிட்டர்ன் போடாவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, தொங்கும். பேச்சில் தேன் ஒழுகுகிறது, ரிட்டர்ன் மட்டும் நாலு மாதமாகக் காணோம் என்றால் எதை நம்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் கணக்கு எழுதுகிற எல்லாருமே ‘ஆடிட்டர்’தான். அவர் உண்மையில் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டா, வரி ஆலோசகரா, ரிட்டர்ன் மட்டும் போடுபவரா என்று நேராகவே கேளுங்கள். மூன்று பேருமே தேவைப்படலாம். ஆனால் எவர் எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் கையெழுத்திடும் சான்றிதழில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்கும். அதை அவர்களுடைய கழகத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. ஜி.எஸ்.டி., வருமான வரி, உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) ஆகியவற்றில் பதிந்திருக்கும் மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதா? கன்சல்டன்ட் தன் நம்பரையே கொடுத்து வைத்திருப்பார், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். உறவு நன்றாக இருக்கும்வரை தெரியாது. கேட்டவுடன் மாற்றிக் கொடுப்பவர் நல்ல ஆள். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேங்க’ என்று மழுப்புபவரிடம் ஜாக்கிரதை. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம் என்பதையும் நினைவில் வையுங்கள். அரசுக் கட்டணம் என்று சொல்லி அதற்குப் பணம் கேட்டால், அந்த ஆளின் மற்ற வார்த்தைகளையும் அதே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: சின்ன விஷயத்தில் சோதியுங்கள்

எனக்குத் தெரிந்து இந்த முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். ஒருவரைப் பெரிய விஷயத்தில் நம்புவதற்கு முன்னால், போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குச் சின்ன விஷயத்தில் நம்பிப் பாருங்கள்.

புதுப் பிளேட்டிங்காரரிடம் முதல் தடவையே இரண்டாயிரம் பீஸ் அனுப்பாதீர்கள். ஐம்பது அனுப்புங்கள். தாமதமாகுமா ஆகாதா என்பதல்ல விஷயம். கரண்ட் போகும், ஆள் லீவு போடுவார், தாமதம் ஆகத்தான் செய்யும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவராகவே போன் பண்ணி ‘நாளைக்குத்தாங்க ஆகும்’ என்று சொல்கிறாரா என்பதைப் பாருங்கள்.

ஆலோசனை சொல்பவரிடம், உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ‘எனக்கு அது சரியா தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றேன்’ என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தவர் பட்டறையைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார்? இன்னொருத்தரின் டிராயிங்கை எடுத்துக் காட்டுகிறாரா, ‘அவன் அந்தக் கம்பெனிக்கு என்ன ரேட்ல பண்றான் தெரியுமா’ என்கிறாரா? கேட்கும்போது நமக்கு லாபம் மாதிரி இருக்கும். உங்கள் ரேட்டும் இதே வேகத்தில் அடுத்த ஷெட்டுக்குப் போகும்.

கடைசியாக, லைனில் விசாரியுங்கள். ஆனால் அவர் கொடுக்கிற ஆட்களிடம் மட்டும் விசாரித்தால் பயனில்லை. ஸ்டீல் ராடு கடைக்காரர், டூல்ஸ் கடைக்காரர், சரக்கு ஏற்றும் குட்டியானை டிரைவர் ஆகிய மூவருக்கும் ஊரில் யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார்கள் என்பது அத்துப்படி. ‘அவருக்குக் கடன் கொடுப்பீங்களா அண்ணா?’ என்று கேட்டுவிட்டு, பதிலைவிட பதிலுக்கு முன்னால் வரும் இழுவையைக் கவனியுங்கள்.

படி 5: நீங்களும் கொடுங்கள்

வாங்கிக்கொண்டே இருந்தால் யாரும் ரொம்ப நாள் நிற்க மாட்டார்கள். பக்கத்து ஷெட்டில் மெஷின் நின்றுவிட்டால் இரவு ஷிப்டில் அவர் வேலையை உங்கள் மெஷினில் ஓட்டிக் கொடுங்கள். ஆனால் நட்பு என்பதற்காகச் சலான் (சரக்கோடு போகும் டெலிவரி சீட்டு) இல்லாமல் சரக்கை அனுப்பாதீர்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. அவருடைய ஆபரேட்டருக்கு ஆயிரம் ரூபாய் கூடச் சொல்லி இழுக்காதீர்கள். இந்த ஒரு காரியம் செய்தால் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் உங்களுக்கு ஒரு ஸ்பானர்கூடத் தரமாட்டார்கள்.

படி 6: பண விஷயத்தில் கோடு போடுங்கள்

கைமாத்து கொடுக்கலாம், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையாக. ஜாமீன் கையெழுத்து அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வங்கி வரலாம். ‘சும்மா ஒரு பார்மாலிட்டிங்க’ என்பதைக் கேட்டுப் பேனாவை எடுக்காதீர்கள்.

தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட வெறும் செக் கொடுப்பதும் ஆபத்து. கொடுக்க வேண்டிய பாக்கிக்குத் தந்த செக் பணமில்லாமல் திரும்பினால், இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ சட்டத்தில் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சீட்டு என்றால், 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். சரக்கே இல்லாமல் ‘பில் மட்டும் வாங்கிக்கோங்க, கமிஷன் கொடுங்க’ என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் அன்றோடு சரி.

படி 7: ஒரு நிஜப் பிரச்சினைக்கு இவர்களைப் பயன்படுத்துவது

பில் பாக்கியை எடுத்துக்கொள்வோம். 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் போட்டால், இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும். அங்கே தீர்ப்பு வந்தபின் வாங்கியவர் அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இது உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவையும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். சரக்கு அனுப்பிய பிறகு எடுத்தால், பழைய பில்லுக்கு அது செல்லுமா என்பதே தனி வழக்காகிவிடும்.

சட்டம் இவ்வளவு பலமாக இருந்தும் பலர் புகார் போடுவதில்லை. அந்தக் கம்பெனிதான் முக்கால்வாசி ஆர்டரைத் தருகிறது, பகைத்துக்கொண்டு எங்கே போவது? தனியாளாக இருந்தால் இந்தப் பயம் நியாயம்தான். இங்கேதான் நாலு பேர் வேண்டும். அதே கம்பெனியிடம் பாக்கி நிற்கும் மற்றவர்களைச் சங்கத்தில் விசாரியுங்கள். நாலைந்து சப்ளையர் பெயரோடு சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போனால், அங்கே ஒருத்தர் பெயர் மட்டும் தனியாகத் தெரியாது. உங்கள் ஆடிட்டர் அவர்களுடைய கணக்குப் பிரிவிடம் பணிவாக ஒரு விஷயத்தை நினைவூட்டலாம்: குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். வருமான வரியில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதிக்குப் பிறகு மார்ச் மாதத்தில் பல கணக்குப் பிரிவுகள் கொஞ்சம் இளகுகின்றன. அதற்குள் சம்பளத்துக்கு என்ன செய்வது என்பதற்கு, மூத்த பட்டறைக்காரர் வேறு கம்பெனியின் சின்ன ஆர்டர் ஒன்றைக் கை காட்டிவிடலாம்.

ஒருவரை மாற்ற வேண்டி வந்தால்

சரியாக வராதவரைச் சண்டை போட்டு அனுப்ப வேண்டாம். ஊர் சின்னது, அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஆடிட்டரை மாற்றுவதென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் போர்ட்டல்களில் மொபைலும் மெயிலும் உங்களுடையதாக இருப்பதை உறுதி செய்யுங்கள். அப்புறம் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பழைய ரிட்டர்ன் நகல்கள், டேலி பேக்கப், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மூன்றையும் வாங்குங்கள். அவருக்குத் தர வேண்டிய ஃபீஸ் பாக்கியை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். விஷயத்தை அதற்குப் பிறகு சொல்லலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சமயத்தில் புது ஆடிட்டர் யாருக்கும் உங்கள் கோப்பைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது.