பழைய பகுதிக்குப் புது வேஷம் கட்டும்போது எங்கெங்கே சறுக்கும்

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு சின்ன கேளிக்கைப் பூங்கா. பெயர் வேண்டாம், அந்த ஓனர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே இருந்த பழைய குழந்தைகள் பகுதியை 'கடலடி உலகம்' என்று மாற்றும் வேலை எனக்கு வந்தது. ஒரு கொலம்பஸ் (கப்பல் மாதிரி ஆடுகிற பெரிய ஊஞ்சல்), ஒரு குட்டி ரயில், ஒரு குடை ராட்டினம், டேஷிங் கார், நடுவில் ஒரு பூவரச மரம். சித்திரை விடுமுறைக்குத் திறந்தோம், போட்டோவில் அருமையாக இருந்தது. அடுத்த தை பிறப்பதற்குள் பாதி வேலையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதில் என் தப்பும் உண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை எல்லாரும் புதிதாக என்ன வைப்பது என்று ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு அது வேண்டும் என்று யாரும் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

பெயின்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் அதிகமாகக் கரைந்தது அங்கேதான். நம் கரையில் இரும்பின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருக்கும். துருவைச் சுரண்டி, எமரி போட்டு, பளபளவென்று ஆனதும் ப்ரைமர் அடித்துவிடுவார்கள். துரு போயிருக்கும், உப்பு போயிருக்காது. அது பெயின்டுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ராமநாதபுரத்துக்காரனிடம் போய் நல்ல தண்ணீரை இரும்பில் ஊற்று என்றால் மனசு வருமா? தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் தள்ளிப்போகிற அக்காக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போர் தண்ணீரால் கழுவினோம். போர் தண்ணீரே உப்பு. காய்ந்தபோது படிந்த மெல்லிய வெள்ளையைத் தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டோம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கொலம்பஸின் கால்களில், தரையில் இருந்து முழங்கால் உயரம் வரை, கடலை பருமனில் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன், தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. இரண்டாம் முறை டேங்கரில் காவிரித் தண்ணீரே வாங்கினோம். அந்தச் செலவு, மொத்தத்தையும் திரும்ப அடித்த செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. கழுவியபின் உப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க பிரெஸ்ல் பேட்ச் என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, கான்ட்ராக்டரிடம் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அடியில் ஜிங்க் ப்ரைமர், நடுவில் எபாக்சி, மேலே பாலியூரிதேன் என்ற வரிசையையும் குறைக்காதீர்கள். எபாக்சியோடு நிறுத்தினால் நம் வெயிலுக்கு அது சுண்ணாம்பு மாதிரி மாவு விட்டுவிடும். போல்ட் விஷயத்திலும் இதே கதைதான்: ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி 304 கிரேடு கொடுப்பார்கள், கடற்காற்றில் அது பழுப்பு வழியும். 316 கேளுங்கள்.

எப்போது அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும், தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். கார்த்திகையில் இருந்து பொங்கல் வரை ஐயப்ப பக்தர்களின் பஸ்கள் ராமேசுவரம் போகும் வழியில் நின்று போகும், கல்லாவுக்கு நல்ல காலம், அப்போது மூட ஓனருக்கு மனம் வராது. ஆக, பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும்தான் உங்களுக்கு நேரம். அதற்குள் அடங்காத வேலை என்றால் இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சித்திரைக்குள் எப்படியாவது முடிக்கிறேன் என்று ராத்திரியில் லைட் போட்டுப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

அடுத்தது எடை. கொலம்பஸுக்குப் பாய்மரமும் பாயும் வைத்தால் நம்மூர் வத்தைப் படகு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஆசை. வெல்டர் தம்பி அரை நாளில் வைத்துவிட்டான். ஆனால் அது ஊஞ்சல். மேலே கூடுகிற ஒவ்வொரு கிலோவும், காற்றைப் பிடிக்கிற ஒவ்வொரு அடித் துணியும், அச்சுக்கும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் போய்ச் சேரும். தயாரித்த கம்பெனியிடமோ ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடமோ கணக்குப் போட்டு வாங்காமல், ஓடுகிற ரைடின் மேல் ஒரு தகடுகூட ஏற்றக் கூடாது. நாங்கள் கழற்றிவிட்டோம். இப்போது அந்தப் பாய்மரம் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறது, அங்கே அழகாகத்தான் இருக்கிறது. தொங்கவிடும் மீன், சங்கு, பாசிக்கும் இதே கவனம் வேண்டும். கை நீளமான ஒரு ஆளை உட்காரவைத்து, கையை நாலா பக்கமும் நீட்டச் சொல்லி, ரைடை மெதுவாக ஒரு சுற்று விடுங்கள். அவர் விரல் நெருங்குகிற இடத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

பெயின்டர்கள் செய்கிற இன்னொரு காரியம், மெஷினில் இருக்கும் சின்னப் பித்தளைத் தகட்டையும் சேர்த்து நீலம் அடிப்பது. சீரியல் நம்பர், தயாரிப்பு வருடம், எத்தனை பேர் ஏறலாம் எல்லாம் அதில்தான் இருக்கும். உதிரி பாகம் கேட்டு போன் செய்யும்போது நம்பர் சொல்ல முடியாமல் தின்னர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தோம். வேலை தொடங்கும் முன் அதன் மேல் ஒரு மாஸ்கிங் டேப், அவ்வளவுதான்.

உள்ளூர் தீம் வைத்தால் உள்ளூர்க்காரர்கள் சோதிப்பார்கள். சுவரில் ஒரு பெரிய கடல்பசு வரைந்திருந்தோம். காவலுக்கு இருந்த பெரியவர், முப்பது வருடம் கடலுக்குப் போனவர், பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, இது என்ன?"

"ஆவுளியா, ஐயா."

"ஆவுளியாவுக்கு ஏது வட்ட வாலு? ஓங்கில் வாலு மாதிரி நடுவுல பிளந்துல்ல இருக்கும்."

அவர் சொன்னது சரி, ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கு ஓங்கில், அதாவது டால்பின், மாதிரிதான் வால். ஓவியர் நெட்டில் எடுத்தது கடல்பசுவின் உறவான மனாட்டியின் படம், அதற்குத்தான் துடுப்பு மாதிரி வட்ட வால். ரயில் பாதையிலும் இப்படித்தான் ஆனது. பாம்பன் பாலம் செய்தோம், ஆனால் 2025இல் திறந்த புதுப் பாலத்தின் கோபுரங்களையும் 1914இன் பழைய பாலத்தின் இரண்டாகப் பிரிந்து திறக்கும் நடுப்பகுதியையும் ஒன்றாக்கி வைத்திருந்தோம். புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். மண்டபத்தில் இருந்து வந்த ஒரு நாலாம் வகுப்புப் பையன் சத்தமாகச் சொன்னான், தப்பு தப்பு என்று. வரைவதற்கு முன் ஒரு மீனவரையும் ஒரு பள்ளிப் பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் போதும், ஒரு டீ செலவு.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்ய இருந்தோம். அதே குட்டி ரயிலை 'தனுஷ்கோடி புயல் ரயில்' ஆக்கலாம், பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சலாம், குழந்தைகள் கத்துவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார், மேஜையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனில் இருந்து போன ரயில் பயணிகளோடு அலையில் போனது. இந்தக் கரையில் அந்த இரவில் ஆளை இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் டிக்கெட்டை வாங்கப்போகிறார்கள். வேண்டாம். ஊர்க் கதை எல்லாமே தீமுக்கு ஆகாது. டிவி கார்ட்டூன் பாத்திரங்களை அனுமதி இல்லாமல் சுவரில் வரைவதும் வேண்டாம், அது நேராகக் காப்புரிமை மீறல்.

கடலோரம் என்பதால் சட்டமும் உண்டு. 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி கட்டுமானம் கூடாத பகுதியில், அனுமதியோடு இருக்கும் பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், ஆனால் இருக்கிற அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது. புது தீமுக்கென்று வாசலில் கான்கிரீட் திமிங்கல வளைவு கட்டினால் அது பழுது பார்த்தல் ஆகாது. கடல் பக்கம் லைட்டையும் திருப்பாதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதிலாக ரோட்டுக்கு நடக்கும்.

அப்புறம் கூட்டம். புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் நார்வே படகு ரைடை 2016இல் ஃப்ரோசன் சினிமா ரைடாக மாற்றினார்கள். படகும் பாதையும் பழையவைதான், வருகிறவர்கள் மட்டும் பல மடங்கு, அதனால் வரிசை நீண்டுகொண்டே போனது. வேஷம் மாறினால் ஆள் கூடும், மெஷின் ஏற்றுகிற ஆள் கூடாது. எங்கள் ரயிலில் பன்னிரண்டு குழந்தைகள். வரிசைக்கு நிழல் யோசிக்கவில்லை, போதாததற்கு நாங்கள் வைத்த திமிங்கல உருவத்தை மறைக்கிறது என்று பூவரசின் கிளைகளை வேறு வெட்டியிருந்தோம். சித்திரை வெயிலில் பாட்டிமார் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அதே எப்காட்டில் இன்னொரு கதை. கற்பனை உலக ரைடை 1999இல் புதுப்பித்தபோது ஃபிக்மென்ட் என்ற ஊதா டிராகனை ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை, 2002இல் டிராகனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு டிராகன் இல்லை, குடை ராட்டினத்துக் குதிரை. நாலு குதிரைகளையும் எடுத்துவிட்டுக் கடற்குதிரை வைத்தோம், தீமுக்குப் பொருத்தம்தானே. வந்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை. "இங்க ஒரு வெள்ளைக் குதிரை இருக்குமே, நான் சின்னப் பிள்ளையில அதுலதான் ஏறுவேன்" என்று இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் கேட்டார். அடுத்த வாரம் இன்னொருவர். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தேடினோம், மூன்றை உடைத்துக் குப்பையில் போட்டாகிவிட்டது, ஒன்று மட்டும் ஒரு காது போய்க் கிடந்தது. ஃபைபர் வேலை பார்த்து, கடற்குதிரை ஒன்றைக் கழற்றிவிட்டு அதை மாட்டினோம். இப்போது அந்த ஒரு குதிரைக்கு மட்டும் தனி வரிசை நிற்கிறது, டோக்கன் கொடுக்கலாமா என்று ஓனர் கேட்கிறார்.