முதல் சிறார் நாவல்: எழுத உட்காரும் முன் போட வேண்டிய திட்டம்

படைப்பெழுத்து வகுப்பில் சிறார் நாவலுக்குத் திட்டம் கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் முதலில் யோசிப்பது 'கதையில் என்னென்ன நடக்கும்' என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கதையில் வரும் பிள்ளை என்னென்ன முடிவெடுக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால், நிகழ்ச்சிகள் பின்னாலேயே வந்துவிடும்.

படி 1: யாருக்கு எழுதுகிறீர்கள்?

'சிறுவர்களுக்கு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 8 முதல் 12 வயது வரை ஒரு உலகம், அதற்கு மேல் வேறு உலகம். ஆங்கிலப் பதிப்பாளர்கள் முதல் பிரிவுக்குப் பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொற்கள் வரை எதிர்பார்ப்பார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'வீட்டிலிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். முதல் நாவலுக்கு 20,000 சொற்கள் தாராளம்.

பிள்ளைகள் தங்களைவிட ஓரிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள். வாசகருக்கு 10 வயது என்றால் நாயகனுக்கு 11 அல்லது 12 இருக்கட்டும்.

படி 2: சிக்கல் பிள்ளையுடையதாக இருக்கட்டும்

மாணவனாக இருந்தபோது நான் போட்ட முதல் திட்டத்தில், ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தாத்தா வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைத்தார். அதுவரை ஓடி அலைந்த பையன் கடைசியில் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான். நாவல் அங்கேயே செத்துவிட்டது.

பெரியவர்களைக் கதையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. அவர்களிடம் சொல்ல முடியாத ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தால் போதும். ஒரு உதாரணம்: தங்கை குளிக்கப் போகும்போது கழற்றி வைத்த காது மெஷினை, நண்பர்களிடம் காட்டுவதற்காக அண்ணன் எடுத்துப் போகிறான். தொலைத்துவிடுகிறான். அம்மா அப்பா வீட்டில்தான் இருக்கிறார்கள், அன்பானவர்கள்தான். ஆனாலும் அவனால் வாய் திறக்க முடியவில்லை.

படி 3: அத்தியாயத்துக்கு ஒரு அட்டை

சின்ன அட்டைகள் 12 எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளை எடுக்கும் முடிவையும் அதன் விளைவையும் மட்டும் எழுதுங்கள்.

முதல் அட்டை: மெஷினை எடுத்துப் போக முடிவு செய்கிறான், தொலைகிறது.
இரண்டாவது: மறைக்க முடிவு செய்கிறான், தங்கைதான் கவனமில்லாமல் எங்கோ போட்டுவிட்டாள் என்று பழி அவள்மேல் விழுகிறது.
மூன்றாவது: அவள் திட்டு வாங்குவதைப் பார்க்கத் தாங்காமல், தேடித் தருவதாக அவளுக்கு மட்டும் எழுதிக் காட்டுகிறான், நானும் வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள்.

இப்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் சரி. 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால், அந்த அட்டையில் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். ஆறாவது, ஏழாவது அட்டைகளில்தான் பலருக்குக் கதை தொய்யும். அங்கே கேள்வியையே மாற்றிவிடுங்கள்: மெஷின் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஆனால் திருப்பிக் கேட்டால் தன் பொய் வெளியே வரும்.

கடைசி அட்டையில் நீதி எழுதாதீர்கள். அவன் உண்மையைச் சொல்லும் காட்சி போதும்; மிச்சத்தைப் பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

படி 4: நடையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தமிழில் எழுதுபவர்கள் பின்னால் அதிகம் திண்டாடுவது இங்கேதான். விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 'வந்துட்டேன்' என்று எழுதுவீர்களா, 'வந்திட்டேன்' என்று எழுதுவீர்களா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

வாக்கிய நீளத்தையும் கவனியுங்கள். 'பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மா கூப்பிட்டதையும் காதில் வாங்காமல் மாடிக்கு ஓடிய அவன் அலமாரியைத் திறந்தபோது பெட்டி காலியாக இருப்பதைக் கண்டான்.' வினை கடைசியில் வருவதால், அதுவரை எல்லாவற்றையும் பிள்ளை மனத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பாருங்கள்: 'பையைத் தூக்கிப் போட்டான். அம்மா கூப்பிட்டார். நிற்கவில்லை. மாடிக்கு ஓடி அலமாரியைத் திறந்தான். பெட்டி காலி.'

படி 5: கால அட்டவணை

நாளைக்கு 250 சொற்கள், வாரத்துக்கு 5 நாள். 16 வாரத்தில் 20,000 வந்துவிடும். வகுப்பில் சமர்ப்பிக்கும் தேதிக்கு முன் திருத்துவதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் அந்த வயதுப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடும். எந்த வரியில் அதன் பார்வை ஜன்னல் பக்கம் போகிறது என்று பார்த்து, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.