ஃபார்மட் அடிக்கும் முன்னால் செர்ட்-இன்னுக்குச் சொல்லுங்கள்

தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பில்லிங் கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைத் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. எனக்குத் தகவல் வந்து, நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அதற்குள் ஐடி தம்பி மூன்று கணினிகளை ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டிருந்தார். திங்கட்கிழமை ஓபி நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் திருடன் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தான் என்று காட்டியிருக்கக்கூடிய தடயம் அந்த மூன்று கணினிகளோடு போய்விட்டது.

இதுமாதிரி நேரத்தில் உதவவே இந்தியாவில் ஓர் அரசு அமைப்பு இருக்கிறது: செர்ட்-இன் (CERT-In), கணினித் தாக்குதல்களைக் கையாளும் அவசரக் குழு. 2004 ஜனவரியில் தொடங்கியது. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவுப்படி இயங்குகிறது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு மாதிரி, விழுந்தால் நாடே தடுமாறும் கட்டமைப்புகளுக்கென்று 2014 ஜனவரியில் என்சிஐஐபிசி (NCIIPC) என்ற பாதுகாப்பு மையம் தனியாக வந்தது. இந்த அமைப்புகளைப் பற்றிச் சரியாகத் தெரியாததால்தான் பல அலுவலகங்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

போலீஸில் புகார் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பது ஒன்று. செர்ட்-இன் போலீஸ் இல்லை. உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணத்தை உருவிவிட்டால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். நிறுவனத்தின் சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால், போலீஸ் புகார் கொடுத்திருந்தாலும் செர்ட்-இன்னுக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு அது. தாக்குதல் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து கணக்கு. “முழு விவரமும் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம்” என்று மேலதிகாரிகள் தள்ளிப்போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முழு விவரத்தையும் உடனே கொடு என்று செர்ட்-இன் கேட்பதே இல்லை. கையில் இருப்பதை முதலில் அனுப்பலாம், மீதியைப் பிறகு கொடுக்கலாம். பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைக்கும் ஒவ்வொரு நாளும், அதே ஓட்டை வழியாக இன்னொரு மருத்துவமனைக்குள் அவன் நுழைவதற்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

ஃபார்மட் விஷயத்துக்கு வருகிறேன். கணினி பாதிக்கப்பட்டது தெரிந்தவுடன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். பவரை அணைக்க வேண்டாம். அணைத்தால் தற்காலிக மெமரியில் (ரேம்) இருக்கும் தடயம் அழிந்துவிடும். திரையை போனில் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த மருத்துவமனையில் ஃபயர்வாலின் (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் கருவி) கடிகாரம் சர்வரை விடப் பதினொரு நிமிடம் முந்தி ஓடியது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கோத்துப் பார்க்கவே பாதி நாள் போயிற்று. ஃபயர்வால் லாக்கும், அதாவது நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவும், ஏழு நாளுக்குத்தான் இருந்தது. அவன் அதற்கும் முன்பே வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அதே உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்கச் சொல்கிறது. வெறும் காகித வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

“எங்களுடையது தனி நெட்வொர்க், யாரும் தொட முடியாது” என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அணுமின் கழகத்தின் கணினி அமைப்பில் தீநிரல் (மால்வேர்) இருப்பதைச் சொன்னதே செர்ட்-இன்தான். அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவதால் தாக்குதலுக்கு இடமில்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி பாதிக்கப்பட்டதாகக் கழகம் ஒப்புக்கொண்டது. உலை இயக்கத்துக்கான நெட்வொர்க் உண்மையிலேயே பிரிந்திருந்தது, அது தப்பித்தது. ஆனாலும் அலுவலகக் கணினி வரை ஒருவன் வந்துவிட்டான். தில்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று தாக்குதல் நடந்தபோது அப்படிப் பிரிப்பு சரியாக இல்லை. ஐந்து சர்வர்கள் சிக்கின, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, சீட்டு எழுதுவதெல்லாம் நாள்கணக்கில் பேனாவுக்குத் திரும்பியது.

கூடங்குளத்தில் எச்சரிக்கை வெளியிலிருந்துதான் வந்தது என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு மெயில் வரலாம். அது யாருக்குப் போகும்? பல இடங்களில், வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமான ஒருவரின் முகவரிக்குப் போகும். அல்லது ஒருவரும் திறக்காத பொது இன்பாக்ஸில் கிடக்கும். வந்த மெயில் உண்மையா என்ற சந்தேகம் நியாயமானதுதான். அதில் உள்ள லிங்க்கை அழுத்தாமல், 1800-11-4949 என்ற செர்ட்-இன் இலவச எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிடலாம்.

அந்த மருத்துவமனையின் சர்வர் அறைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அந்த எண், யார் அழைக்க வேண்டும், அவர் இல்லையென்றால் யார். கீழே ஐடி தம்பியே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது: கேபிளைக் கழற்று, பவரில் கை வைக்காதே.