காருக்குப் புதுப் பேட்டரி: கம்பெனி சர்வீஸிலா, பேட்டரிக் கடையிலா?

முகூர்த்தத்துக்குக் கிளம்பிக் குடும்பமே காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற ஓசை மட்டும் வருகிறது. பேட்டரியைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் யோசிக்கத் தொடங்குவது அப்போதுதான். அந்த அவசரத்தில் யார் முதலில் போனை எடுக்கிறார்களோ அவர்களிடமே வாங்கிவிடுகிறார்கள். கோவை அவிநாசி சாலையில் இருப்பதைப் போன்ற கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வாங்குவதா, பல பிராண்டுகளை அடுக்கி வைத்துத் தள்ளுபடி விலையில் விற்கும் உள்ளூர்க் கடையில் வாங்குவதா என்று உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். எங்கள் குடும்பத்துக் கார்களுக்கு இரண்டு இடத்திலும் வாங்கியிருக்கிறேன். கடையின் பெயரைக் காட்டிலும் மூன்று செய்திகள் முக்கியம் என்பதே என் முடிவு: அந்தப் பேட்டரி எப்போது தயாரானது, உங்கள் காருக்கு உரிய வகைதானா, இரண்டு வருடம் கழித்துப் பழுதானால் யார் பொறுப்பேற்பார்கள்.

வாங்கப் போகும் முன், பழுது பேட்டரியில்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் காங்கேயத்தில் பெரியப்பா வீட்டுக் கார் கிளம்பவில்லை. புதுப் பேட்டரிக்குச் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தோம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரியில ஒண்ணும் இல்லீங்ணா, டெர்மினல்தான் பூத்துக் கிடக்குதுங்க" என்றார். பாசிட்டிவ் முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்து, கிளாம்புக்கும் ஈயக் குமிழுக்கும் இடையே ஓர் அடுக்காகப் படிந்திருந்தது. கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அந்தப் பேட்டரி அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்தது.

டெர்மினல் சுத்தமாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால் மல்டிமீட்டர் வேண்டும். இரவு முழுவதும் நிறுத்திய காரில், காலையில் எதையும் இயக்காமல் அளக்கும்போது 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதன் உள்பலம் போய்விட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குறை, ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது, புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் காலியாகும். மூடிய பேட்டரிகளின் மேல் தெரியும் பச்சைக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்றின் நிலையை மட்டுமே அது காட்டுகிறது.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தும் நிறுத்தி வைத்தால் காலியாகிறது என்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது. கார் உறங்கும்போது 50 மில்லி ஆம்பியர் போவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி குறைகிறது. 35 ஆம்பியர் மணிப் பேட்டரி பதினைந்து நாளில் பாதியாகிவிடும். வெளியில் மாட்டிய ஜிபிஎஸ், டேஷ் கேமரா, ஆம்பிளிஃபையர் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம் பகுதியின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குளிர் செய்வது பலத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது மட்டுமே. தகடுகளை அரித்து, நீரை ஆவியாக்கி, ஆயுளை உண்மையில் குறைப்பது வெப்பம். வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. கரூர் பரமத்தி கோடையில் அடிக்கடி மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் முன்னே நிற்கும் ஊர். 2024 கோடையில் ஈரோடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சிப் பக்கத்துக் காருக்குக் கிடைக்கும் ஆயுளை, கரூரில் வெட்டவெளியில் நிற்கும் காரிடம் எதிர்பார்க்கக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி உதகையில் இரவு தங்கிய மறுநாள் காலை கார் கிளம்பவில்லை என்றால், அன்றைய குளிர் வெளிக்காட்டுவது கீழே பல கோடைகள் செய்து முடித்த சேதத்தைத்தான்.

அடுத்தது வகை. பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் என்பது போன்ற குறியீடோ, டின் 44, டின் 65 என்பது போன்ற எண்ணோ அச்சாகியிருக்கும். முதல் வகைக் குறியீட்டில் 38 திறனையும், பி அகல உயர அளவையும், 20 ஏறக்குறைய சென்டிமீட்டரில் நீளத்தையும், கடைசி எழுத்து முனைகள் இருக்கும் பக்கத்தையும் சொல்கின்றன. கடைசி எழுத்து மாறினால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் ஆபத்து. குறியீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் காராக இருந்தால், அந்த வேலையைத் தாங்கும்படி செய்த இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். "சாதா பேட்டரியே போதுங்க, பாதி விலைதான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்குப் பல முறை ஸ்டார்ட் செய்யும் வேலையைச் சாதாரணப் பேட்டரி நீண்ட காலம் தாங்காது. கையேட்டில் எந்த வகை சொல்லப்பட்டிருக்கிறதோ அதுவே இறுதி.

இனி, எங்கே வாங்குவது. கார் புதிது என்றால் முதலில் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். காரோடு வந்த பேட்டரிக்கும் உத்தரவாதம் உண்டு. அதன் காலம் காரின் உத்தரவாதக் காலத்திலிருந்து வேறுபடலாம் என்பதால் கையேட்டை எடுத்துப் படித்துவிட்டுப் பேச வேண்டும். பேட்டரியை மாற்றிய பின் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டிய கார்கள் சில உண்டு. விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களில் இது வழக்கம். அவற்றுக்கும், மின்சாரம் எங்கே கசிகிறது என்று பிடிபடாத கார்களுக்கும் கம்பெனி சர்வீஸில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. மற்றபடி, கார் கம்பெனிகள் பேட்டரியைத் தாமே செய்வதில்லை. எக்ஸைடு, அமரான் போன்ற பேட்டரிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களிடமிருந்தே வாங்கிப் பொருத்துகின்றன. ஐந்து வயதான ஒரு சாதாரணப் பெட்ரோல் காருக்குக் கம்பெனி சர்வீஸில் முழு விலையும் கூலியும் கொடுத்து வாங்கும் பேட்டரிக்கு, கடையில் கிடைக்கும் அதே தரப் பேட்டரியைவிடக் கூடுதல் ஆயுள் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. பழைய பேட்டரிக்குக் கழிவு உண்டா என்று இரண்டு இடத்திலும் கேட்டு, கழிவும் வரியும் பொருத்தும் கூலியும் சேர்ந்த கடைசித் தொகையை ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், அதற்கு முந்தைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏற்க வேண்டியதில்லை.

கடையில் கவனிக்க வேண்டியது தயாரிப்புத் தேதி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கடையில் மற்ற இடங்களைவிட எண்ணூறு ரூபாய் குறைவு என்று மகிழ்ச்சியோடு வாங்கிய பேட்டரி, பதினான்கு மாதத்தில் தள்ளாடத் தொடங்கியது. பிறகு எண்ணை வாசித்துப் பார்த்தபோதுதான், நான் வாங்கிய நாளிலேயே அதற்கு ஏறக்குறைய ஒரு வயது என்று தெரிந்தது. ஈய அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக மெல்ல இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்படும். பிறகு சார்ஜ் ஏற்றினால் வோல்ட் ஏறிவிடும், இழந்த கொள்ளளவு முழுவதும் திரும்பாது. அதனால் மீட்டரில் 12.6 காட்டுவது மட்டும் போதாது. தயாரிப்புத் தேதி சில பேட்டரிகளில் மேலே பொறிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் சீரியல் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு முறை மாறும். "எந்த மாசத்துத் தயாரிப்புங்க, எண்ணைப் படிச்சுக் காட்டுங்க" என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்டது என்றால் வாங்கலாம். ஆறு மாதத்தைத் தாண்டியது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். வாசலில் வெயில் படும்படி அடுக்கியிருந்தாலும் அப்படியே. சரக்கு வேகமாக நகரும் கடைதான் நல்ல கடை. அந்த வகையில் ஓட்டம் மிகுந்த சர்வீஸ் சென்டரில் கிடைப்பது, தூங்கும் கடையில் கிடைப்பதைவிடப் புதிதாக இருக்க வாய்ப்பு உண்டு. அங்கேயும் தேதியைக் கேட்கத்தான் வேண்டும்.

உத்தரவாதத்தில் பெரிய எழுத்தில் 48 மாதம் என்று இருந்தால், அதை 24 கூட்டல் 24 என்று பிரித்துப் படிக்க வேண்டும். முதல் 24 மாதத்தில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் புதுப் பேட்டரியின் விலையில் ஒரு பங்கைத்தான் குறைப்பார்கள், அதுவும் பொதுவாக அச்சிட்ட அதிகபட்ச விலையில் கணக்கிடுவார்கள். ஒரு கணக்குக்காக, அச்சிட்ட விலை 6,000 ரூபாய், கடையில் பழையதைக் கொடுத்து வாங்கும் விலை 4,700 என்று வையுங்கள். நாற்பதாவது மாதத்தில் பழுதாகி 20 சதவீதக் கழிவு கிடைத்தால் நீங்கள் கட்ட வேண்டியது 4,800. உத்தரவாதத்தைப் பயன்படுத்தாமலே கடையில் புதிது வாங்கினால் இதைவிட நூறு ரூபாய் குறைவு. ஆகவே இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது மொத்த மாதத்தை விட்டுவிட்டு, இலவசமாக மாற்றித் தரும் மாதங்களை மட்டும் ஒப்பிடுங்கள். உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுக்கும் பேட்டரிக்குப் பழையதில் மிஞ்சிய காலம் மட்டுமே பொதுவாகத் தொடரும் என்பதையும், வாடகைக் காருக்கு விதி வேறாக இருக்கலாம் என்பதையும் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்டிக்குள் தகடு மாற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பேட்டரிகளைக் காருக்கு வாங்க வேண்டாம். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். அந்த எண் பேட்டரியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டு, ஆன்லைன் பதிவு உண்டு என்றால் கடையிலேயே முடித்துவிடுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே ஒப்படைப்பது வரவும் கூட, கடமையும் கூட. உள்ளே இருக்கும் ஈயமும் அமிலமும் தோட்டத்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகக் கூடாதவை. பழைய பேட்டரிகளை முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றுகையில் நெகட்டிவ் முதலில், மாட்டுகையில் பாசிட்டிவ் முதலில். பேட்டரியைப் பிடிக்கும் பட்டையை இறுக்காமல் விட்டுவிடுவது பல இடங்களில் நான் கண்ட அலட்சியம். குலுங்கும் பேட்டரியில் தகடுகள் உதிரும். அருகில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். பொருத்தி முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மீட்டரில் 13.8-க்கு மேல் வருவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி இயக்கமும் கடிகாரமும் மறந்து போயிருக்கும், அவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மை பேனாவால் பேட்டரியின் மேல் எழுதி வைத்தால், அடுத்த முறை பானெட்டைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்கு நீங்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.