பட்டியின் மேல் தண்ணீர்: டிங்கரிங், பெயிண்டிங் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பட்டறையில் இந்த ஆண்டு இரண்டு பையன்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற வாரம் மாலை டீ குடித்துவிட்டு உள்ளே நுழைந்தபோது, அவர்களில் ஒருவன் காரின் பின்கதவருகே தண்ணீர் மக்குடன் அமர்ந்து, தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசி, அப்போதுதான் இறுகியிருந்த பட்டியை (putty) வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். கதவில் சாம்பல் நிறத்தில் வழிந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்ததும், வர்தா புயல் ஆண்டில் நானே செய்த வேலை நினைவுக்கு வந்தது. ஸ்பிரே கன்னைக் கழுவாமல் வைப்பது, கண்ணாடி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்ட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் அவை தீர்ந்துவிடும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபின், மரம் விழுந்து கூரை அமுங்கிய கார்கள் எங்கள் வாசலில் வரிசையாக நின்றன. அவற்றில் ஒரு வெள்ளை நிறக் காரின் கூரை என் பொறுப்பில் வந்தது. தகட்டை ஒழுங்காகத் தட்டி எடுத்தேன், பட்டியையும் மெலிதாகத்தான் இழுத்தேன். ஆனால் பொங்கலுக்குள் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், உலர் தேய்ப்பில் தாள் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே என்று எரிச்சலுற்று, தண்ணீரை விட்டு வழவழவென்று தேய்த்து முடித்தேன். மறுநாளே அடிப்பூச்சான சர்ஃபேசர், கலர், மேலே பளபளப்புக்கு அடிக்கும் நிறமற்ற கிளியர் எல்லாம் ஏறிவிட்டன. வண்டி கண்ணாடி போல மின்னியது.

அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கார் திரும்பி வந்தது. பட்டி போட்ட இடத்தில் மட்டும், உளுந்தளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை கொப்புளங்கள் எழும்பியிருந்தன. ஒன்றை ஊசியால் குத்தினேன்; ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. சுரண்டிப் பார்த்தால், அடியில் தகடு பழுப்பேறத் தொடங்கியிருந்தது. கூரை முழுவதையும் தகடு தெரியும் வரை தேய்த்து எடுத்து மறுபடி அடித்துக் கொடுத்ததில், மூன்று நாள் கூலியும் ஒரு லிட்டர் கிளியரும் என் கணக்கில் போயின. அந்த வாடிக்கையாளர் அதன்பின் எங்களிடம் வரவில்லை.

காரணம் எளியது. இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து பூசும் இன்றைய பாலியஸ்டர் பட்டியில், முகத்துக்குப் போடும் பவுடரில் இருப்பதைப் போன்ற டால்க் கணிசமாக இருக்கிறது. இறுகிய பிறகும் அது பஞ்சு போல ஈரத்தை இழுக்கும். போதாததற்கு, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஊசித்துளைகளும் இருக்கும். மேலே துடைத்துவிட்டால் காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே புகுந்த ஈரமோ அப்படியே நிற்கும். அதன்மேல் பெயிண்ட் மூடி போட்டுவிடுவதால், வெயிலில் தகடு கொதிக்கும்போது ஆவி மேல்நோக்கித் தள்ளுகிறது.

இந்தப் பழக்கத்துக்குப் பையன்களை மட்டும் குறை சொல்ல முடியாது. என் மேஸ்திரியின் காலத்தில் மெல்லிய படலங்களாகப் பூசிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்ப்பார்கள். பொருள் மாறிவிட்டது, கை மட்டும் மாறவில்லை. "அண்ணே, தண்ணி விட்டாத்தானே மேடு பள்ளம் தெரியுது?" என்று அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு கைடு கோட் என்னும் கருப்புப் பொடி இருக்கிறது. அதைப் பட்டியின் மேல் தடவி, நீளக் கட்டையில் 80 நம்பர் தாளைச் சுற்றித் தேய்த்தால், பள்ளங்கள் கருப்பாகவே நின்று தம்மைக் காட்டிக்கொடுக்கும். பிறகு 180, அடுத்து 320, எல்லாம் உலர்ந்த நிலையில். தண்ணீருக்கான இடம் சர்ஃபேசர் ஏறி நன்கு இறுகிய பிறகுதான். அப்போதும் தேய்க்கும்போது எங்கேனும் பட்டி வெளியே தெரிந்துவிட்டால், தண்ணீரை நிறுத்தி, ஹீட் லேம்ப் வைத்து உலர்த்தி, அந்த இடத்துக்கு மீண்டும் சர்ஃபேசர் அடிக்க வேண்டும்.

ஹார்டனரைக் கண்ணளவில் கலப்பது

பட்டியின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், அதிலுள்ள பெராக்சைடு மேல் பெயிண்டில் மஞ்சள் கறையாக ஊறி வெளியே வரும். வெள்ளை வண்டியில் அதை மறைக்கவே முடியாது.

டொக்கை (தகட்டின் அமுங்கலை) எடுக்காமல் பட்டியால் நிரப்புவது

பட்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகிறதென்றால், தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. இன்றைய வெளித்தகடு பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். அம்பாசிடரைத் தட்டியது போல டாலி என்னும் இரும்புக் கட்டியை அடியில் கொடுத்து ஓங்கி அடித்தால், தகடு விரிந்து, விரலால் அழுத்தும்போது எண்ணெய் டின் போல டக் டக்கென்று உள்ளே போய் வெளியே வரும். விரிந்த தகட்டைச் சுருக்குவது, டொக்கை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

டியூப்லைட்டில் ஷேடு பார்ப்பது

கலந்த நிறத்தை அட்டையில் அடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பில்லருக்கு கேஸ் வைப்பது

கூடாது. முன், பின் கதவுகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூணான நடு பில்லரில் பல வண்டிகளில் மிகு வலிமைகொண்ட எஃகு இருக்கிறது; கேஸ் சுடரால் சிவக்கச் சூடாக்கி நேராக்கினால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் அடுத்த மோதலில் ஆளைக் காக்கும் வலிமை அதில் இருக்காது. நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேடு எந்த இடத்தில் வெட்டி மாற்றச் சொல்கிறதோ, அங்கேதான் கை வைக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங்

நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் வெல்டிங் மெஷினைத் தொடாதீர்கள்.

கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளியர் அடிப்பது

பட்டித் தூசுக்கே கைக்குட்டை போதாது. டூ-கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியரில், அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் நச்சு வேதிப்பொருளை எந்தத் துணியும் நிறுத்தாது. குறைந்தபட்சம் அதற்கென உள்ள, காற்றை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும், கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்றவும் வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி இப்போதும் வாரத்தில் ஓரிரு நாள் பட்டறைப் பக்கம் வருவார். கம்ப்ரஸர் சத்தம் கேட்டால் உள்ளே வராமல், தெருமுனை டீக்கடை பெஞ்சிலேயே இன்ஹேலருடன் உட்கார்ந்துவிடுவார். நாங்கள்தான் அங்கே போய்ப் பேசிவிட்டு வருகிறோம்.